பற்பமும் மீநுண் துகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இராமானுசர் பிறந்த ஊர் என்று தமிழகம் அறிந்திருந்த திருப்பெரும்புதூரை இன்று உலகம் தொழிற்சாலைகளின் ஊராக அறிகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை தொடங்கிற்று. டயர், மோட்டார் சைக்கிள், சரக்குந்து, கண்ணாடி என ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களின் பெயர்கள் இப்போது சிப்காட் என்னும் சொல்லோடு சேர்த்தே வழங்கப்படுகின்றன. உலோகத்தை உருக்குவோரும் வளைப்போரும் பற்றவைப்போரும் வாழும் நிலப்பகுதி இது. ஆகவே இங்குக் கூடும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் உலோகத்தைப் பற்றிய பேச்சு இடம்பெறுவது பொருத்தமே. ஆனால் இங்குப் பேசப்படுவது கண்ணுக்குத் தெரிகிற உலோகம் அன்று. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுகிய உலோகம். புற்றுநோய்க்கு மருந்தாகக் கூடும் என்று உலகெங்கும் ஆராயப்படும் உலோகம்.

நுண்மையின் இரு முகங்கள்

ஒரு மீட்டரை 100 கோடிப் பங்கு செய்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். குருதியிலுள்ள சிவப்பணுவின் அகலம் ஏறத்தாழ 7,000. ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரையுள்ள துகளை மீநுண் துகள் என்றும் நானோத் துகள் என்றும் அழைக்கிறோம்.

ஒரு பொருள் இத்துணைச் சிறிதாகும்போது அதன் இயல்பே மாறுகிறது. ஒரு சென்டிமீட்டர் பக்க அளவுள்ள கனசதுர உலோகக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும். மனைக் கணக்கில் சொன்னால் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். வேதிவினை நிகழ்வது மேற்பரப்பில்தான். ஆதலால் சிறுத்த உலோகம் பெருத்த ஆற்றல் கொள்கிறது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெட்ரோல் கார் ஒவ்வொன்றின் புகைக்குழாயிலும் வினையூக்கி மாற்றி என்னும் கருவி உண்டு. தேன்கூடு போன்ற பீங்கான் கண்ணறைகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மீநுண் துகள்களாகப் படிந்திருக்கின்றன. நச்சுப் புகையான கார்பன் மோனாக்சைடை அவை தீங்கு குறைந்த வளியாக மாற்றுகின்றன. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது.

அதே நுண்மைக்கு மற்றொரு முகமும் உண்டு. கார்க் கூடுகளைப் பற்றவைக்கும் பணியில் பெரும்பகுதியை இன்று எந்திரக் கைகள் செய்கின்றன. உதிரிப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளில் அதனைச் செய்வன மனிதக் கைகளே. வெல்டிங் புகையில் இரும்பு, மாங்கனீசு, குரோமியம் முதலியவற்றின் மீநுண் துகள்கள் கலந்துள்ளன. அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்ல வல்லவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

ஆக, தடைகளைக் கடந்து உட்புகும் ஆற்றல் என்னும் ஒரே பண்பு ஓரிடத்தில் நோய்க்கு வழியாகிறது. மற்றோரிடத்தில் மருந்துக்கு வழியாகலாம். உலோகத் துகள் நல்லதா, தீயதா என்று கேட்பது பொருந்தாத வினா. எந்தத் துகள், எவ்வளவு, எவ்வழியே சென்று, எங்கே தங்கி, எப்படி வெளியேறுகிறது என்பதே கேட்கத்தக்கது.

மருந்தான உலோகங்கள்

புற்றுநோய் மருத்துவத்துக்கு உலோகம் புதிதன்று. முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், 1957-இலேயே கோபால்ட்-60 கதிர்க் கருவியை நிறுவியது. இங்கிருந்து மேற்கே நெடுஞ்சாலை வழிச் சென்றால் காஞ்சிபுரத்தின் புறத்தே காரப்பேட்டையில், 1969 பிப்ரவரி 3-இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. இத்தகைய மருத்துவமனைகளில் நாள்தோறும் நோயாளிகளின் நரம்பில் ஏற்றப்படும் மருந்துகளுள் ஒன்று சிஸ்பிளாட்டின். அதன் நடுவில் இருப்பது பிளாட்டினம்.

அம்மருந்து கண்டறியப்பட்ட வரலாறு கருதத்தக்கது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்னும் அறிஞர், மின்புலம் பாக்டீரியாவின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்ந்தார். பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நூல்போல் நீண்டன. காரணம் மின்சாரம் அன்று. பிளாட்டினத்தாலான மின்வாயிலிருந்து கரைந்து வந்த உலோகச் சேர்மம். உயிரணு பிளவுபடுவதைத் தடுக்கும் பொருள், கட்டின்றிப் பிளவுபடும் புற்றணுவையும் தடுக்குமன்றோ என்ற எண்ணம் எழுந்தது. 1978-இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது.

ஆயினும் தொடக்க காலத்தில் அம்மருந்து சிறுநீரகங்களைக் கடுமையாகத் தாக்கிற்று. அதனைக் கைவிட நேருமோ என்ற நிலையில் காத்தது உப்புநீர். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் நீரை நிறைய ஏற்றிச் சிறுநீரைப் பெருக்கியபோது சிறுநீரகச் சேதம் வெகுவாகக் குறைந்தது. மருந்தின் ஆற்றல் மாறவில்லை; அது உடலைவிட்டு வெளியேறும் வழி எளிதாக்கப்பட்டது. நஞ்சாக ஒதுக்கப்பட இருந்த உலோகம் இவ்வாறே பயன்தரும் மருந்தாயிற்று.

எலிக்குத் தந்த தங்கம்

மீநுண் தங்கத்தை அறிவியல் முறையில் முதலில் ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. 1857-இல் அவர் செய்த தங்கக் கரைசல் மஞ்சளாக இல்லை. மாணிக்கச் சிவப்பாக இருந்தது. அவர் செய்த கரைசல்களுள் சில இன்றும் இலண்டன் இராயல் நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மீநுண் தங்கத்தின் மின்னணுக்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால் இந்நிறம் தோன்றுகிறது. துகளைக் கோல் வடிவாகவோ ஓடு வடிவாகவோ அமைத்தால், தசையை ஓரளவு ஊடுருவிச் செல்லும் அகச்சிவப்பு ஒளியை அது உறிஞ்சிச் சூடாகும். கட்டிக்குள் இத்துகள் இருந்து, வெளியிலிருந்து அவ்வொளி பாய்ச்சப்பட்டால், கட்டி உள்ளிருந்தே வேகும். கனமான அணுவாதலால் தங்கம் எக்ஸ் கதிரையும் மிகுதியாக ஈர்த்து, அண்மையிலுள்ள உயிரணுக்களின் மேல் மின்னணுக்களைத் தெறிக்கச் செய்யும். ஆக, கதிர் மருத்துவத்துக்கும் அது துணையாகலாம்.

2004-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹெயின்பெல்டு குழுவினர் வெளியிட்ட முடிவு பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கிற்று. மார்பகப் புற்றுக்கட்டி ஏற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு 1.9 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளை ஊசிவழிச் செலுத்தி எக்ஸ் கதிர் தந்தபோது, ஓராண்டு கழித்து 86 விழுக்காடு எலிகள் உயிரோடிருந்தன. கதிர் மட்டும் பெற்றவற்றுள் 20 விழுக்காடே பிழைத்தன. தங்கம் மட்டும் பெற்றவற்றுள் ஒன்றும் பிழைக்கவில்லை.

இம்முடிவை அறிந்தவர் அதில் தரப்பட்ட தங்கத்தின் அளவையும் அறிய வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 2.7 கிராம் வரை அங்குத் தங்கம் செலுத்தப்பட்டது. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள மனிதருக்குக் கணக்கிட்டால் 162 கிராம்; அதாவது 20 பவுனுக்கும் மேல். விலையை ஒரு பக்கம் வைத்துவிடலாம். இருபது பவுன் துகளைக் குருதியில் ஏற்றினால் அது பின்னர் எங்கே போகும்?

துகளின் பயணம்

குருதிக்குள் சென்ற துகள் நேரே கட்டியைச் சென்றடைவதில்லை. சென்ற சில நொடிகளிலேயே குருதிப் புரதங்கள் அதன்மேல் போர்வைபோல் படிகின்றன. ஆய்வுக்கூடத்தில் செய்த துகள் ஒன்று. உடலுக்குள் உலவும் துகள் வேறொன்று. அயற்பொருளை விழுங்கும் காவல் அணுக்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் காத்திருக்கின்றன. பெரும்பாலான துகள்கள் அங்கேயே அகப்பட்டுக்கொள்கின்றன.

2016-இல் டொராண்டோ பல்கலைக்கழக அறிஞர்கள் அதற்கு முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டனர். குருதியில் செலுத்தப்பட்ட மீநுண் துகள்களில் கட்டியைச் சென்று சேர்வது இடைநிலை அளவாக 0.7 விழுக்காடு. ஆயிரம் பேருக்கு அனுப்பிய அழைப்பிதழில் ஏழு பேருக்கே போய்ச் சேர்ந்தது போன்ற நிலை. எஞ்சிய 993 துகள்களுக்கும் உடலே இடமளிக்க வேண்டும். இங்குதான் பயனும் பாதுகாப்பும் ஒரே வினாவாகின்றன. குறி தவறிய துகள் நோயைத் தீர்ப்பதில்லை. நலமுள்ள உறுப்பில் தங்கித் தீங்கு செய்யவும் கூடும்.

தங்கிவிடும் துகள் என்ன செய்யும் என்பதற்கு வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1930-களிலிருந்து 1950-கள் வரை, எக்ஸ் கதிர்ப் படத்தில் குருதிக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காகத் தோரோட்ராஸ்ட் என்னும் கரைசலை நோயாளிகளுக்குச் செலுத்தினர். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் காணப்படும் தோரியத்தின் ஆக்சைடு அதில் மீநுண் துகளாகக் கலந்திருந்தது. படங்கள் தெளிவாக விழுந்தன. உடனடித் தீங்கு ஏதும் தென்படவில்லை. ஆனால் துகள்கள் கல்லீரலை விட்டு அகலவில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்நோயாளிகளுள் பலர்க்குக் கல்லீரல் புற்று தோன்றிற்று. தோரியம் கதிர்வீசும் பொருள், தங்கம் அத்தகையதன்று. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது. உடனடியாகத் தீங்கில்லை என்பது தீங்கே இல்லை என்று பொருள்படாது என்பதுதான் இங்குக் கொள்ளத்தக்க பாடம்.

இன்றைய ஆய்வாளர்கள் இப்பாடத்தை உணர்ந்தே துகளை வடிவமைக்கின்றனர். முதலாவது அளவு. ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்கு உட்பட்ட துகளைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும் என்று 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மிகச் சிறிதானால் கட்டியில் தங்காமல் விரைவில் வெளியேறும்; பெரிதானால் கல்லீரலில் தங்கும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண வேண்டும். இரண்டாவது போர்வை. நீரை விரும்பும் பாலிமர் இழைகளைத் துகளின்மேல் போர்த்தினால் காவல் அணுக்களின் கண்ணில் படாமல் சிறிது நேரம் கூடுதலாக உலவும். மூன்றாவது, புற்றணுவின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் புரதத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் மூலக்கூற்றைத் துகளோடு இணைத்தல். நான்காவது, துகள் தானாக எதுவும் செய்யாதபடி அமைத்து, ஒளியோ கதிரோ படும் இடத்தில் மட்டும் செயற்படச் செய்தல்.

இவற்றோடு எளிய வழியொன்றும் உண்டு. குருதி வழியே அனுப்பாமல் ஊசியால் நேரே கட்டிக்குள் வைத்துவிடுவது. ஹாப்னியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடுத் துகளைப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று இவ்வாறு பயன்படுத்தியது. மென்திசுப் புற்று நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தது. துகளோடு கதிர் பெற்றவர்களுள் 16 விழுக்காட்டினர்க்குக் கட்டியில் உயிருள்ள புற்றணுக்கள் ஏறத்தாழ முற்றும் அழிந்தன. கதிர் மட்டும் பெற்றவர்களுள் 8 விழுக்காட்டினர்க்கே அவ்வாறு நேர்ந்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. தங்க ஓடு போர்த்திய துகளையும் அகச்சிவப்பு ஒளியையும் கொண்டு புராஸ்டேட் புற்றைச் சுடும் முறை 16 நோயாளிகளிடம் முதற்கட்டமாகச் செய்து பார்க்கப்பட்டு, அதன் முடிவும் 2019-இல் வெளியாயிற்று.

எட்டு பதினாறானது உண்மையான முன்னேற்றம். எஞ்சிய எண்பத்து நான்கு விழுக்காட்டினரையும் அதே மூச்சில் நினைப்பது நேர்மை. இந்நாட்டில் தங்கத் துகள் மருத்துவம் புற்றுநோய்க்குரிய வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

பற்பம் என்னும் சொல்

இவற்றையெல்லாம் கேட்கும் தமிழ் அவையில், இதனைச் சித்தர்கள் என்றோ செய்துவிட்டனர் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணத்தில் பாதி உண்மையுண்டு. அந்தப் பாதியைப் போற்றவும் மற்றப் பாதியைக் காக்கவும் தமிழறிந்தோர் கடமைப்பட்டவர்கள்.

சித்த மருத்துவத்தில் உலோகம் அப்படியே மருந்தாவதில்லை. முதலில் சுத்தி செய்யப்பெறும். பின் மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்தில் பல சாமம் அரைக்கப்பெறும். வில்லைகளாகத் தட்டி, உலர்த்தி, அகலில் இட்டு, மேலகல் மூடி, சீலைமண் செய்து, வறட்டிகளை அடுக்கிப் புடமிடப்பெறும். இவ்வாறு பலமுறை புடமிட்டுப் பெறும் வெண்ணிறப் பொடி பற்பம். செந்நிறப் பொடி செந்தூரம். முறையாக முடிந்ததா என்று அறியத் தேர்வுகளும் உண்டு. நீரில் இட்டால் மிதக்க வேண்டும். விரல் இடையில் தேய்த்தால் ரேகைக்குள் படிய வேண்டும். உலோகத்தின் பளபளப்பும் சுவையும் இருத்தல் ஆகாது. இத்தேர்வுகளுள் முதல் இரண்டும் துகளின் நுண்மையைச் சோதிப்பவை என்பது வெளிப்படை. இவ்வகைத் தங்க மருந்துகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் நானோமீட்டர் அளவிலான படிகங்களைக் கண்டிருக்கிறார்கள். நுண்மை மருந்தின் இயல்பை மாற்றும் என்ற பட்டறிவு இம்மண்ணில் இருந்தது எனலாம். அனுபானம், பத்தியம், அளவு, காலம் என்பன மருந்து செல்லும் வழியைப் பற்றிய கவலையின் சொற்கள்.

ஆயினும் சுத்தி என்னும் சொல் இருப்பதனாலேயே ஒரு பொடி சுத்தமாகிவிடாது. நுண்ணியது என்பதனாலேயே தீங்கற்றதும் ஆகிவிடாது. மேலே கண்ட தோரியமும் நுண்ணியதே. ஒரே பெயருள்ள பற்பம் இரண்டு கைகளில் இரண்டு பொருளாகலாம். 2004-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, அவற்றுள் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருப்பதைக் காட்டியது. பாதரசத்தையும் பாடாணத்தையும் கையாளும் எந்த மருத்துவ மரபும் இத்தகைய சோதனைக்கு அஞ்சத் தேவையில்லை. சோதனையே அதன் மதிப்பைக் காக்கும். தாம்பரத்தில் 2005-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்கள் ஆய்வுக்காகவே உள்ளன.

அஞ்சத்தக்கது மரபைச் சோதிப்பதன்று. மரபின் பெயரால் சோதனையைத் தவிர்ப்பது. கட்டி சிறிதாக இருக்கும்போதே காரப்பேட்டைக்கோ அடையாற்றுக்கோ சென்றிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர், தங்கப் பற்பம் புற்றைத் தீர்க்கும், பக்க விளைவே இல்லை என்ற விளம்பரத்தை நம்பி ஆறு மாதம் கழித்துச் செல்வாரானால், இழந்த மாதங்களை எந்தப் பெருமையும் மீட்டுத் தராது. புற்றுநோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சித்தர்கள் நானோ அறிவியலை முன்பே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்கும் ஒவ்வொரு சொல்லும் அத்தகைய விளம்பரத்துக்குக் கைவிளக்காகக் கூடும் என்பதை மேடையேறுவோர் மறத்தல் ஆகாது.

ஒப்புதலின் மொழி

அப்படியாயின் இலக்கிய வட்டத்துக்கு இதில் என்ன பணி?

2019-இல் நடுவண் அரசு இரண்டு செயல்களைச் செய்தது. உயிர்த்தொழில்நுட்பத் துறை, மீநுண் மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். புதிய மருந்துகளுக்கும் மருத்துவச் சோதனைகளுக்கும் உரிய விதிகளும் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தன. சோதனையில் பங்கேற்பவர்க்கு விளங்கும் மொழியில் செய்திகளை எடுத்துரைத்து எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும் என்று அவை வகுத்தன.

விளங்கும் மொழி என்னும் இரண்டு சொற்களில் தமிழின் பொறுப்பு அடங்கியிருக்கிறது. ஒரகடத்துப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் நாளை தம் மனைவிக்காக அத்தகைய படிவம் ஒன்றைக் கையில் வாங்குவார். அதில் உள்ள தமிழ், சொல்லுக்குச் சொல் பெயர்த்த புரியாத் தமிழாக இருந்தால், அவர் இடுவது கையெழுத்தாகுமேயன்றி ஒப்புதல் ஆகாது. துகள் எங்கே தங்கும், எத்தனை நாளில் வெளியேறும், எலியிடம் கண்டதா மனிதரிடம் கண்டதா, எத்தனை பேரிடம் கண்டது, இம்மருந்தை மறுத்தால் வேறு சிகிச்சை உண்டா என்னும் ஐந்து வினாக்களையும் அவர் தம் மொழியில் கேட்கவும் விடையைத் தம் மொழியில் பெறவும் இயல வேண்டும். அதற்குரிய சொற்களை ஆக்குவதும், வழக்கிலுள்ள நல்ல சொற்களைத் தேடி எடுப்பதும் தமிழ் கற்றோர் மருத்துவரோடு அமர்ந்து செய்ய வேண்டிய பணி. வழக்கில் பழகிவிட்ட ஊசி, சலைன், கட்டி ஆகிய சொற்களை விலக்கி அகராதிச் சொற்களை அடுக்குவது அப்பணிக்கு உதவாது. பற்பம் என்று சொன்னால் மயக்கம் தரும் இடத்தில் துகள் என்று சொல்வதும், பக்க விளைவு என மென்மையாகச் சொல்லி நகர்வதற்குப் பதில் கல்லீரலுக்குத் தீங்கு வரக்கூடும் என்று நேரே சொல்வதும் அதில் அடங்கும்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது. மருத்துவனும் மருந்தும் உடனிருந்து பேணுபவனும் பின்னர் வர, நோயுற்றவனே அந்நிரலில் முதலில் வைக்கப்பெறுகிறான். துகளைச் செய்யும் பணி வேதியியலாருடையது. அதனை உடலுக்குள் செலுத்தும் பணி மருத்துவருடையது. நோயுற்றவன் அதனை அறிந்து ஏற்கவோ மறுக்கவோ துணைநிற்கும் பணி மொழியுடையது. பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் கவியரங்குகளுக்கு இடையே ஒரு மாலைப்பொழுதை அப்பணிக்கு ஒதுக்குமாயின், அருகிலுள்ள மருத்துவமனையின் படிவம் ஒன்றையேனும் எடுத்துவைத்து எளிய தமிழில் திருத்தி எழுதுமாயின், அதுவும் இலக்கியப் பணியே.